ப்ளட்லைன் ரசிகர்கள் யார் மேல் கோபித்தார்கள்?

நீங்கள் கேட்டது இதுதான். டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் தொலைக்காட்சிக் கதையில் ரோமன் ரெய்ன்ஸ் தன் உறவினர்களைச் சேர்த்து நடத்திய வில்லன் கூட்டணிதான் ப்ளட்லைன். உங்கள் தம்பி 2020 முதல் அதன் கதையை ஒரு வாரம் விடாமல் பார்த்து வருகிறார். 2023 ஏப்ரலில் அந்த ரோமனிடம் கோடி ரோட்ஸ் என்ற வீரர் தோற்ற அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. “எல்லாம் எழுதி வைத்து ஆடுவதுதானே, இதற்கு எதற்குக் கோபம்?” என்று நீங்கள் கேட்க, வீட்டில் சண்டை வந்துவிட்டது. அந்தக் கூட்டணி எப்போது உச்சத்தில் இருந்தது, எப்போது கெட்டது, ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறதா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிகிறது. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்த ஒருவர், தான் ஏமாற்றப்பட்டதாக உணர முடியுமா? முடியும். எழுதப்பட்டது என்று தெரிந்தவரால்தான் அப்படி உணர முடியும் என்றுகூடச் சொல்வேன்.

நான் பேசுவதற்கு என்ன தகுதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பையில் பத்தொன்பது ஆண்டுகளாக இந்தித் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். அந்தேரி, மலாட் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில்தான் என் வாழ்நாளில் பாதி போயிற்று. ஆயிரம் பகுதிகளைத் தாண்டிய கதைகள் எந்த இடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும் என்பதை உதட்டசைவை வைத்தே சொல்லக்கூடிய அளவுக்குப் பழக்கம். மல்யுத்தம் எனக்கு அப்பா வழியில் வந்தது. அவர் ஒர்லியில் உள்ள வல்லபாய் படேல் ஸ்டேடியத்தில் தாரா சிங்கின் குஸ்தியை நேரில் பார்த்தவர். நான் ஆண்டாப் ஹில் குடியிருப்பில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் அன்றைய பெயர்) சீட்டுக்கட்டில் உயரம், எடை, மார்பளவு சொல்லி விளையாடி வளர்ந்தவன். ஆனால் நான் கோதாவில் இறங்கியவன் அல்ல, திரைக்குப் பின்னால் நின்றவனும் அல்ல. சித்தப்பா மகனைக் கட்டிலிலிருந்து மெத்தை மேல் தூக்கிப் போட்டு அவன் பல் உடைந்ததோடு என் பயிற்சி முடிந்தது. ஆகவே அந்த நிறுவனத்துக்குள் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து ஊகிப்பது. பார்வையாளர் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் உறுதியாகப் பேசுவேன்.

கதைக்கு முன் ஒரு பழைய காட்சி. 2015 ஜனவரி 25, ஃபிலடெல்பியா, ராயல் ரம்பிள். முப்பது பேர் மோதும் போட்டியில் ரோமன் ரெய்ன்ஸ் வென்றார். அப்போது அவர் நல்லவர், நாயகன். நிறுவனம் அவரைத்தான் அடுத்த பெரிய நட்சத்திரமாக நிறுத்த நினைத்தது. கூட்டம் விரும்பியது டேனியல் பிரையனை. அவரைப் பாதியிலேயே வெளியே தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அரங்கம் முழுவதும் ஊளை. ரோமனின் உறவுக்காரரும் எல்லோருக்கும் பிடித்தவருமான தி ராக் வந்து அவருக்கு உதவினார், கையைத் தூக்கிப் பிடித்தார். ஊளை குறையவில்லை, ராக்கின் மேலும் விழுந்தது. இப்படிப்பட்ட வரவேற்பை எதிர்பாராத அவர் முகம் அப்போது போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஊளை ரோமன் என்ற பாத்திரத்தின் மேல் விழுந்தது அல்ல. பாத்திரம் எந்தத் தப்பும் செய்யவில்லை. கூட்டம் திட்டியது எழுதிய கையை.

டப்பிங் கூடத்தில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தொடர், பெயர் வேண்டாம். நாயகிக்கு விபத்தில் நினைவு போனபோது பார்த்தவர்கள் வில்லியைச் சபித்தார்கள். இரண்டாம் முறை நினைவு போனபோது சிரித்தார்கள். மூன்றாம் முறை அலுவலகத்துக்குப் போன் செய்து எழுதியவரைத் திட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை வில்லிக்கு அதில் சம்பந்தமே இல்லை. அவளும் பாவம், அதே வேலையை மூன்றாம் முறை செய்துகொண்டிருந்தாள். எந்த நீண்ட கதைக்கும் இந்த இரண்டு வகைக் கோபம் உண்டு. வில்லன் மேல் கோபம் வந்தால் கதைக்கு வருமானம். எழுதியவர் மேல் வந்தால் நஷ்டம். வெளியிலிருந்து கேட்டால் இரண்டுக்கும் ஒரே சத்தம். அரங்கில் இருப்பவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். ப்ளட்லைன் கதையை இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதன் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு தெளிவாகிவிடும்.

2020 ஆகஸ்ட் 23 அன்று சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியில் ரோமன் சில மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தார். அதே வாரம் பால் ஹேமன் அவர் பக்கத்தில் ஆலோசகராக உட்கார்ந்தார். ஆகஸ்ட் 30 அன்று பட்டம் கைக்கு வந்தது. அந்த நாளில் தொடங்கிய எண்ணிக்கை 1,316 நாள் வரை ஓடியது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அது கொரோனாக் காலம். அரங்கில் ஆளே இல்லை. சுற்றிலும் திரைகள், திரைகளில் வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்கள், ஒலிபெருக்கியில் பதிவு செய்த கைத்தட்டல். ஐந்து ஆண்டாக எந்த மனிதரின் கதையைக் கூட்டம் ஊளையிட்டே கலைத்ததோ, அவருடைய புதிய கதை கூட்டமே இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட பதினோரு மாதம் வேர்விட்டது. நடுவில் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு மட்டும் இரண்டு இரவு ஆட்களை விட்டார்கள். மற்றபடி வெறும் திரைகள்தான். 2021 ஜூலையில் ரசிகர்கள் நிரந்தரமாகத் திரும்பியபோது அவர்கள் முன் நின்றது முழுதாக வளர்ந்த ஒரு வில்லன். கூட்டம் இருந்திருந்தால் கதை இதே பாதையில் போயிருக்குமா? போயிருக்காது என்பது என் எண்ணம். நிரூபிக்க வழியில்லை.

கதையின் சதை என்னவென்றால், ஒரு குடும்பம். ரோமன் தன்னைக் குலத்தின் தலைவன் என்று அறிவிக்கிறார். அதே குடும்பத்து இரட்டையர்கள் ஜே உசோ, ஜிம்மி உசோ. முதலில் ஜே எதிர்க்கிறான். 2020 அக்டோபரில் கூண்டுக்குள் நடந்த போட்டியில் அவனை எவ்வளவு அடித்தும் “விட்டுவிடுகிறேன்” என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. பிறகு ரோமன் ஜிம்மியின் கழுத்தை நெரிக்கத் தொடங்க, அண்ணன் தம்பி பாசத்தில் ஜே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறான். வெளியே ரோமனின் தந்தை சிகாவும் பெரியப்பா அஃபாவும் காத்திருந்து, அவர்களின் பூர்விகமான சமோவாத் தீவுகளின் தலைவர்கள் அணியும் சிவப்பு மாலையை ரோமனுக்குப் போடுகிறார்கள். பெரியவர்கள் அநியாயக்காரன் கழுத்தில் மாலை போடும் காட்சி. கூட்டுக்குடும்பத்தில் சொத்துப் பிரித்த அனுபவம் உள்ள எந்தத் தமிழருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம்.

இடையில் ஒரு வேடிக்கை. ஆங்கில வர்ணனையில் ரோமனையும் உசோக்களையும் ஒரே சொல்லில், அண்ணன் தம்பி முறை என்பதுபோல, அடைத்துவிடுவார்கள். நம் முறைப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். சிகாவின் உடன்பிறந்த சகோதரி வேரா. வேராவின் மகன் ரிக்கிஷி. அவரும் பழைய மல்யுத்த வீரர். ரிக்கிஷியின் பிள்ளைகள்தான் ஜேயும் ஜிம்மியும் சோலோ சிகோவாவும். அப்படியானால் ரோமன் ரிக்கிஷிக்கு மாமன் மகன், மச்சான் முறை. உசோக்களுக்கு ரோமன் மாமா! இந்த ஒரு சொல்லை மாற்றியதும் எனக்குக் கதையே வேறாகத் தெரிந்தது. அண்ணனிடம் முறைத்துக்கொண்டு போகலாம். மாமனின் அதட்டலில் பாசமும் உரிமையும் எங்கே முடிகின்றன, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே பாதி ஆயுள் போய்விடும்.

தொழில் புத்தி விடாது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ரோமன் தன்னை மேசையின் தலைப்பக்கத்தில் உட்காருபவன் என்று சொல்லிக்கொள்வார். அதை அப்படியே தமிழில் எழுதினால் ஒரு மரியாதையும் வராது. நம் பந்தியில் தலைப்பக்கமே கிடையாது. நான் எழுதியிருந்தால் “முதல் இலை என்னுடையது” என்று எழுதியிருப்பேன். அவர் ஒவ்வொரு ஊரிலும் கூட்டத்தைப் பார்த்து, தன்னைத் தலைவனாக ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒற்றை விரலை உயர்த்துவார். 2015-இல் ஊளையிட்ட அதே கூட்டம் 2022-இல் விரலை உயர்த்தியது. பாதிப் பேர் ஊளையிட்டுக்கொண்டே உயர்த்தினார்கள். வில்லனை வெறுப்பதில் இன்பம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

உச்சம் எது என்று கேட்டால், பலரும் 2022 ஏப்ரலில் இன்னொரு பட்டத்தை வைத்திருந்த பிராக் லெஸ்னரை வென்று நிறுவனத்தின் இரண்டு பெரிய பட்டங்களையும் ஒன்றாக்கிய இரவைச் சொல்வார்கள். எனக்கு அது அறிவிப்புப் பலகை மாதிரி. நான் உச்சம் என்று சொல்வது சாமி ஜெய்ன் வந்த பிறகான மாதங்களை. சாமி குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாதவர், சிரியா வழி வந்த கனடாக்காரர், மொன்றியால் பக்கத்துப் பிள்ளை. சிரிப்பு மூட்டுவதற்காக உள்ளே விடப்பட்டவர். 2022 செப்டம்பரில் ரோமன் அவரைக் கூட்டணியின் சட்டையைக் கழற்றச் சொன்னார். அவமானப்படுத்தி அனுப்பப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது, கௌரவ உறுப்பினர் என்று எழுதிய புதுச் சட்டையைக் கொடுத்தார். அரங்கம் கூரையைத் தூக்கியது. ஒரு பருத்தித் துணிக்கு! ஜேக்குச் சாமியைப் பிடிக்காது. வாரா வாரம் முறைப்பான். நவம்பரில் பாஸ்டனில் நடந்த போட்டியில் சாமி தன் நெடுநாள் நண்பர் கெவின் ஓவன்ஸை அடித்து வீழ்த்தி, குடும்பத்தின் பக்கம் நின்றபோதுதான் ஜே அவரைக் கட்டிக்கொண்டான்.

இந்த மாதங்கள் ஏன் நன்றாக இருந்தன? யார் யாரை அடித்தார்கள் என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. அந்த வீட்டில் இவனுக்கு ஒரு தட்டு வைப்பார்களா, மாட்டார்களா என்பதே கேள்வி. மும்பையில் பிழைக்க வந்து, மாதுங்காவில் தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையில் ஆறு மாதம் படுத்து, “நம்ம பையன்” என்று ஒருநாள் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் எத்தனை பேர். என் அப்பா அப்படி வந்தவர்தான். சாமியின் காட்சிகளை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் பாதிதான் புரியும். “இந்தப் பையனை எப்போது துரத்துவார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

2023 ஜனவரி 28 அன்று சான் அன்டோனியோவில் பதில் வந்தது. கட்டிப் போடப்பட்டிருந்த ஓவன்ஸை நாற்காலியால் அடி என்று ரோமன் கட்டளையிட, சாமி அந்த நாற்காலியால் ரோமனின் முதுகில் அடித்தார். ஜிம்மியும் சோலோவும் சாமியைத் துவைத்தார்கள். ஜே கைகட்டி நிற்க முடியாமல் எழுந்து வெளியே நடந்தான். ஒரு வார்த்தை இல்லை. அந்த நடைக்காகவே அந்தக் கதையை நூறு ஆண்டு கழித்தும் பேசலாம் என்பேன். பிப்ரவரியில் சாமியின் சொந்த ஊரான மொன்றியாலில் ரோமன் அவரை வென்றார். இந்த இடத்தில்தான் ரசிகர்கள் முதல் முறையாக இரண்டாகப் பிரிந்தார்கள். ஊரே எழுந்து நின்ற அந்த இரவில் பட்டத்தைச் சாமிக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. ஏப்ரல் ரெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸுக்காக வைத்திருக்கிறார்கள், பொறு என்று இன்னொரு கட்சி.

ஏப்ரல் வந்தது. இங்கே திங்கட்கிழமை காலை. உங்கள் தம்பியைப் போல நானும் வேலைக்குப் போகாமல் பார்த்தேன். கோடியின் தந்தை டஸ்டி ரோட்ஸ் அந்த நிறுவனத்தின் பெரிய பட்டத்தை ஒருநாளும் வெல்லாதவர். அப்பா முடிக்காத கதையை மகன் முடிக்க வருகிறான். நடுவர் சோலோவை முன்பே வெளியேற்றியிருந்தார். கடைசி நேரத்தில் ஹேமன் நடுவரின் கவனத்தைத் திருப்ப, சோலோ திரும்பி ஓடிவந்து கோடியின் தொண்டையில் கட்டைவிரலால் குத்த, ரோமன் பாய்ந்து மோதி முடித்துவிட்டார்.

அந்தத் தோல்வி தவறா? தோற்றது தவறு என்று நான் நினைக்கவில்லை. தோற்ற விதம்தான் தவறு. உறவினர் ஒருவர் குறுக்கே புகுந்து ரோமனைக் காப்பாற்றுவதை அதற்கு முன் இரண்டரை ஆண்டாக எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நாயகியின் நினைவு மூன்றாம் முறை போனது. கோடி நியாயமாக வீழ்ந்திருந்தால் ரோமனின் மேல் கோபம் வந்திருக்கும்; சோலோ வந்ததால் பேனாவின் மேல் வந்தது. உங்கள் தம்பியின் பட்டினி இந்த இரண்டாம் வகை. அதற்கு முந்தைய இரவில் சாமியும் ஓவன்ஸும் உசோக்களை வென்று இரட்டையர் பட்டத்தைப் பறித்தபோது அதே கூட்டம் அழுது கொண்டாடியது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கதை கேட்கும் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது.

இதோடு இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. ரோமன் இந்தக் காலத்தில் அடிக்கடி வருவதில்லை. பட்டம் அவரிடம், அவரோ வீட்டில். வேறு வழியில்லாமல் நிறுவனம் 2023 ஏப்ரலில் புதிதாக இன்னொரு உலகப் பட்டத்தை உருவாக்கி, மே மாதம் செத் ராலின்ஸ் இடுப்பில் கட்டியது. முதலாளி ஊரில் இல்லாத கடையில் இன்னொரு கல்லாப்பெட்டி வைத்தது போல. “அபூர்வமாக வந்தால்தான் மதிப்பு” என்று வாதாடியவர்களும் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடு. மாதம் ஒருமுறை வரும் மாமாவுக்குத்தான் வீட்டில் அதிக பயம்.

கூட்டணி எப்போது கெட்டது என்று தேதி கேட்டால் பெரும்பாலோர் அந்த ஏப்ரலைத்தான் சொல்வார்கள். நான் நான்கு மாதம் தள்ளி வைப்பேன். மே மாதம் ஜெத்தாவில் ஜிம்மி பொறுமை இழந்து ரோமனை உதைத்தான். ஜூலை 1 அன்று லண்டனில் இரட்டையர்கள் ரோமனையும் சோலோவையும் எதிர்த்து நின்றார்கள். ஜே ரோமனை அமுக்கி மூன்று எண்ண வைத்தான். 2019 டிசம்பருக்குப் பிறகு ரோமனின் தோள் அப்படித் தரையில் பட்டது அதுவே முதல் முறை. லண்டன் கூட்டம் போட்ட சத்தத்தைக் கேட்டால் ஏப்ரலில் செத்துப்போன கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு ஆகஸ்ட் 5, டெட்ராய்ட். பட்டத்துக்காக ஜே ரோமனை எதிர்த்தான். வெல்லும் தறுவாயில் முகத்தை மறைத்த ஒருவன் அவனை இழுத்துப் போட்டான். முகம் தெரிந்தால், ஜிம்மி. சொந்த இரட்டை. அடுத்த வாரம் காரணம் சொன்னான்: நீயும் ரோமனைப் போல ஆகிவிடுவாய் என்று பயந்தேன். இதைக் கேட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். 2020-இல் ஜிம்மியின் கழுத்துக்காகத் தோல்வியை ஒப்புக்கொண்டவன் ஜே. அந்த உறவின் மேல்தான் வீடே கட்டப்பட்டது. பட்டத்தை ரோமனிடமே வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அஸ்திவாரத்தை உருவி எடுத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். என் கணக்கில் இறக்கம் அந்த இரவில்தான் தொடங்கியது.

பழைய உதாரணம் ஒன்று உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1996 ஜூலை 7 அன்று டேடோனா பீச்சில் ஹல்க் ஹோகன், ஸ்காட் ஹால், கெவின் நாஷ் மூவரும் சேர்ந்து நியூ வேர்ல்டு ஆர்டர் என்ற கூட்டணியை அறிவித்தார்கள். குழந்தைகளின் நாயகனாக இருந்த ஹோகன் வில்லனானதைப் பொறுக்காமல் கூட்டம் காகிதக் கோப்பை, பாட்டில், கையில் கிடைத்ததையெல்லாம் கோதாவுக்குள் எறிந்தது. அதன் பலத்தில் அவர்களை ஆட வைத்த டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் தொடர்ந்து 83 வாரம் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பைத் தொலைக்காட்சியில் முந்தியது. பிறகு ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். வந்தவன் போனவனுக்கெல்லாம் கறுப்புச் சட்டை. 1998-இல் கூட்டணி இரண்டாக உடைந்தது. 1999 ஜனவரி 4 அன்று நாஷ் பட்டத்தைப் பணயம் வைத்து நிற்க, ஹோகன் ஒரு விரலால் அவர் மார்பில் தொட்டார். நாஷ் மல்லாந்து விழுந்தார். இருவரும் கட்டிக்கொண்டு மறுபடி ஒரே கட்சி. 1996-இல் பாட்டில் வாங்கியவர் ஹோகன். 1999-இல் திட்டு வாங்கியது அந்த நிறுவனம். 2001 மார்ச்சில் அதைப் போட்டியாளரே வாங்கிவிட்டார். அந்த ஒரு விரலால்தான் நிறுவனம் விழுந்தது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். பணக் கணக்கு, தொலைக்காட்சி முதலாளிகளின் மாற்றம் என்று காரணங்கள் பல. ஆனால் பார்வையாளரின் மனம் விட்டுப்போனதற்கு அந்த இரவு நல்ல அடையாளம்.

ப்ளட்லைன் அந்த வழியில் முழுதாகப் போகாமல் தப்பியதற்குக் காரணம் 2024 பிப்ரவரி. கோடி மறுபடியும் ராயல் ரம்பிள் வென்று, ரோமனை எதிர்க்கும் உரிமை பெற்றிருந்தார். பிப்ரவரி 2 அன்று அவர் அந்த இடத்தை ராக்குக்கு விட்டுக்கொடுப்பது போல ஒரு காட்சி வந்தது. ராக்கும் ரோமனும் நேருக்கு நேர் நின்றார்கள். இணையம் கொதித்தது. கோடிதான் வேண்டும் என்ற முழக்கம் உலகம் முழுவதும் பரவியது, அந்தக் காணொளியின் கீழ் வெறுப்புக் குறிகள் குவிந்தன. அடுத்த வாரம் லாஸ் வேகாஸில் நடந்த செய்தியாளர் நிகழ்ச்சியில் கோடி தன் இடத்தைத் திரும்பக் கேட்டார், ராக் அவரைக் கன்னத்தில் அறைந்தார், ராக் வில்லனானார். ரசிகர்கள் கத்தியதால் கதை மாறியதா, இல்லை கத்த வைக்கவே அப்படி எழுதினார்களா என்பது இன்றும் தீராத வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் வசதிக்குச் சொல்வதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளமாட்டேன். என் ஊகம்: உண்மையான கோபம் வந்தது, கெட்டிக்காரர்கள் ஆறே நாளில் அதை வில்லனின் மேல் திருப்பிவிட்டார்கள். பேனாவின் மேல் விழ வேண்டிய அடியை ராக்கை வாங்க வைத்தார்கள். டப்பிங்கில் உதடு பொருந்தாத இடத்தில் நடிகரை இரும வைப்பது போன்ற வேலை அது. என்னைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்தால் பொறாமை வரும்.

2024 ஏப்ரல் 7, மறுபடி ஃபிலடெல்பியா. இங்கே திங்கள் காலை. கோடி வென்றார். எல்லாரும் குறுக்கே வந்தார்கள்: ஜிம்மி, ஜே, சோலோ, ஜான் சீனா, ராக், அண்டர்டேக்கர். ஒரு வருடம் முன்பு சோலோ ஒருவர் வந்ததற்குப் பட்டினி கிடந்தவர்கள், ஊரே திரண்டு வந்தபோது கைதட்டினார்கள். யார் வேண்டுமானாலும் குறுக்கே வரலாம் என்ற விதியை முன்பே அறிவித்துவிட்டார்கள், இந்த முறை வருகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கும் வந்தார்கள், அதனால். ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. 2014-இல் ரோமனின் அன்றைய கூட்டாளி செத் ராலின்ஸ் அவரை நாற்காலியால் அடித்துத் துரோகம் செய்தார். பத்து ஆண்டு கழித்து, ரோமன் கையில் நாற்காலி, முன்னால் கோடி, பக்கத்தில் பழைய சீருடையில் செத். கோடியை அடித்தால் பட்டம் மிஞ்சும். ரோமன் திரும்பிச் செத்தை அடித்தார். பழைய புண் பட்டத்தை விழுங்கியது. குலத்தலைவன் தோற்றது அப்போதே.

அதற்குப் பிறகு வந்ததை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். சோலோ தலைமையேற்று டாமா டோங்கா, டாங்கா லோவா, ஜேக்கப் ஃபாட்டு ஆகியோரைச் சேர்த்தார். ஃபாட்டுவின் வேகத்தைக் கூட்டம் ரசித்தது. சோலோவுக்கு மட்டும் அந்தத் தலைவர் நாற்காலி கடைசிவரை பெரிதாகவே இருந்தது. 2024 ஆகஸ்டில் ரோமன் திரும்பியபோது, நான்காண்டு ஊளையிட்ட கூட்டம் அவரை நாயகனாக வரவேற்றது. 2025 ஜனவரி 6 அன்று அவர் சோலோவை வென்று மாலையைத் திரும்பப் பெற்றார். ஏப்ரல் ரெஸில்மேனியாவில் ஹேமனே செத் பக்கம் தாவினார். அதே நிகழ்ச்சியில் ஜே, பட்டம் வைத்திருந்த குந்தரை வென்று உலகச் சாம்பியனானான். 2020-இல் உடன்பிறந்தவனுக்காகத் தோற்ற, முதுகில் அடி வாங்கவென்றே எழுதப்பட்ட பிள்ளை. அவன் கையை மேலும் கீழும் ஆட்டினால் ஐம்பதாயிரம் பேர் ஆட்டுகிறார்கள். அவனுக்கு அந்தப் பட்டம் பொருந்தவில்லை, குந்தரோடு ஒப்பிட்டால் ஆட்டம் போதாது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆட்ட நுணுக்கத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. எனக்கு அந்த நுணுக்கம் போதாது, ஆகவே நான் தைரியமாகக் கைதட்டினேன்.

ரசிகர்களிடம் தவறே இல்லையா என்றால், இருக்கிறது. அரங்கின் சத்தத்தையும் இணையத்தின் சத்தத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். “கதை செத்துவிட்டது” என்று 2023 ஏப்ரலில் எழுதியவர்களே ஜூலையில் லண்டன் காட்சியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பட்டம் எத்தனை நாள் என்ற எண்ணிக்கைக்கு மயங்கியதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஆயிரம் நாள் ஆனபோது விழா கொண்டாடிவிட்டு, ஆயிரத்து ஒன்றாம் நாள் சலிப்பாக இருக்கிறது என்றால் எப்படி? என்னுடைய தொடர்களிலும் ஆயிரமாவது பகுதிக்குக் கேக் வெட்டுவார்கள். மறுநாள் கூடத்தில் மைக் முன் உட்காரும்போது எல்லோருக்கும் அந்தக் கேக் தொண்டையில்தான் நிற்கும்.

தம்பியிடம் “எழுதி வைத்ததுதானே” என்று மறுபடி சொல்லாதீர்கள். அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இரண்டு காட்சிகளை அவரோடு உட்கார்ந்து அடுத்தடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. ஒன்று, 2015 ஜனவரியில் ஃபிலடெல்பியா ராயல் ரம்பிளின் கடைசி ஐந்து நிமிடம். இன்னொன்று, அதே ஊரில் 2024 ஏப்ரலில் நடந்த போட்டியின் முடிவு. இரண்டிலும் ராக் வருகிறார், இரண்டிலும் ரோமனுக்கு உதவுகிறார், இரண்டிலும் ஊளை விழுகிறது. வேறெதையும் கவனிக்க வேண்டாம். ஊளை விழும் நேரத்தில் ராக்கின் முகத்தை மட்டும் பாருங்கள்.